பேட்டரி குடியிருந்த இடங்கள்

புதுச்சேரியில் ஒரு காருக்கு பேட்டரி வேலை என்று வந்தால், வண்டி ராத்திரியில் எங்கே நிற்கும் என்று முதலில் கேட்டுவிடுவேன். தூமா தெருவிலோ சுப்ரேன் தெருவிலோ நிற்கும் வண்டிக்கும் வில்லியனூரில் நிற்கும் வண்டிக்கும் ஒரே வேலை செய்து அனுப்பினால், கடலோரத்து வண்டி அடுத்த மழைக்காலத்துக்குள் திரும்பி வந்து நிற்கும். உப்புக்காற்று பெயின்ட்டைத் தின்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதற்கு முன்பே எர்த்தைத் தின்றுவிடுவதை ஆட்டோ எலெக்ட்ரீஷியன்தான் பார்க்கிறான். காரின் இரும்பு உடம்பையே ஒரு வயராகப் பாவித்துக் கட்டிய வண்டிகள் இவை. பாடியோடு எர்த் கேபிள் சேரும் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறினால், நல்ல பேட்டரியும் செத்த பேட்டரி மாதிரிதான் நடந்துகொள்ளும். அதனால் கடலோரத்து பூல்வார் பக்கத்து வண்டிகளுக்கு பாடியை நம்பாமல் எஞ்சினுக்கு நேராகத் தனி எர்த் கேபிள் இழுப்பது எங்கள் ஊர் வழக்கம். எந்த கம்பெனிப் புத்தகத்திலும் அது கிடையாது.

உருளையன்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் 1970களின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மேஸ்திரி பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து வண்டி வேலை பார்த்தவர். ஐம்பது வருஷத்தில் நாங்கள் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், பேட்டரியையும் அதன் சுற்றத்தாரையும் இடம் மாற்றி வைத்தோம். காயில், கட்-அவுட், பெட்ரோல் பம்ப், ஃபியூஸ் பாக்ஸ், ஹார்ன் ரிலே எல்லாம் அந்தச் சுற்றத்தில் சேர்த்தி. பாரீஸிலும் பர்மிங்ஹாமிலும் உட்கார்ந்து அந்த ஊர்க் குளிருக்கு ஒருவன் இடம் குறித்துக் கொடுத்திருப்பான். இந்த ஊர் வெயிலும் கடலும் அதை ஒப்புக்கொள்ளாது. இரண்டு பேருக்கும் நடுவில் சமரசம் பேசிவைத்தவர்கள் நாங்கள்.

பேட்டரி என்பதே பிரெஞ்சுக்காரன் கொடுத்ததுதான் என்று மேஸ்திரி பெருமையாகச் சொல்வார், ஏதோ தன் பங்காளி கொடுத்ததுபோல. அது உண்மையும்தான். ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்துத் திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றலாம் என்று 1859இல் காட்டியவர் காஸ்தோன் பிளாந்தே. 1881இல் காமீ ஃபோர் அந்தத் தகடுகளின் மேல் ஈய ஆக்ஸைடு பசையைத் தடவி, தொழிற்சாலையில் செய்து விற்கக்கூடிய சரக்காக்கினார். இன்றைக்கு நான் விற்கும் பேட்டரியின் உள்ளேயும் அதே ஈயம், அதே பசை, அதே ஆசிட். மோட்டார் வண்டியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதலில் தாண்டியதும் பேட்டரி வண்டிதான். 1899இல் பாரீஸுக்குப் பக்கத்தில் பெல்ஜியக்காரர் ஜெனாட்ஸி ஓட்டினார்.

அப்போது புதுச்சேரியில் ஓடியது புஷ்-புஷ் வண்டி. உட்கார்ந்திருக்கும் ஆள் முன்னால் உள்ள கம்பியைத் திருப்பித் திசை காட்டுவார், பின்னால் ஒருவர் தள்ளிக்கொண்டு வருவார். பாரதியார் இந்த ஊரில் இருந்த காலத்திலும் (1908–1918) துரைமார்களின் சவாரி அதுதான். உலகத்தில் கார்கள் வந்த புதிதில் அவற்றுக்கும் பேட்டரி அவ்வளவு அவசியமாக இல்லை. மேக்னெட்டோவில் தீப்பொறி, கார்பைடு விளக்கில் வெளிச்சம், கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட். 1912இல் காடில்லாக் காரில் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் பேட்டரி இல்லாமல் கார் இல்லை என்ற நிலை ஏற்பட்டது. வந்துவிட்டதே தவிர, அதற்கு இடம் யாரும் ஒதுக்கி வைத்திருக்கவில்லை. சிலர் ஃபுட்போர்டின் மேல் பெட்டி அடித்து வைத்தார்கள். ஃபோர்டுக்காரர்கள் தரைப்பலகைக்கு அடியில் வைத்தார்கள். சீட்டுக்கு அடியில் வைத்தவர்களும் உண்டு. கார் பேட்டரியின் முதல் முப்பது வருஷம், வாடகைக்கு வீடு தேடி அலைந்த குடும்பத்தின் கதை மாதிரிதான். தண்ணீர் ஊற்ற வேண்டுமென்றால் காலடி மிதியடியைத் தூக்கி, பலகையைக் கழற்றி, குனிந்து ஊற்ற வேண்டும். வண்டிக்காரர்கள் மறந்துவிடுவார்கள், செல் காய்ந்துபோகும். பானட்டுக்குள் கொண்டுவந்ததற்கு ஒரு காரணம் இந்த மறதி. இன்னொன்று, ஸ்டார்ட்டரான செல்ஃப் மோட்டாருக்குப் பக்கத்தில் இருந்தால் கேபிள் மிச்சம்.

இந்த ஊரில் மோட்டார் வேலையைப் படிப்போடு சேர்த்துச் செய்த இடம் என்றால் அரவிந்தர் ஆசிரமத்துப் பட்டறையைச் சொல்ல வேண்டும். 1925 டிசம்பரில் வந்து சேர்ந்த பிலிப் பார்பியே சேன்-இலேர் பாரீஸின் எக்கோல் பொலிடெக்னிக்கில் படித்த பொறியாளர். ஆசிரமத்தில் அவருக்குப் பவித்ரா என்று பெயர். பட்டறையும் வண்டிகளும் அவர் பொறுப்பில் இருந்தன. மேஸ்திரி அங்கே வேலை பார்த்ததில்லை. அங்கே கை பழகிய ஒருவரிடம் வயர் நுனியை முறுக்கி ஈயம் பற்றவைக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். வயரைத் திருகி டேப் சுற்றிவிட்டுப் போகிறவனை அவர் எலெக்ட்ரீஷியன் கணக்கில் சேர்க்க மாட்டார்.

நான் வேலைக்கு வந்தபோது பிரெஞ்சு வண்டிகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா வீடுகளிலும் பழைய உத்தியோகஸ்தர் வீடுகளிலும் ஒன்றிரண்டு நின்றன. அவற்றில் சித்ரோயன் திராக்ஸியோன் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1934இல் வந்த மாடல், முன் சக்கரம் இழுக்கும் வண்டி, 1957 வரை செய்தார்கள். மஞ்சள் ஹெட்லைட். பிரான்ஸில் 1930களின் பிற்பாதியிலிருந்து 1993 வரை மஞ்சள் வெளிச்சம்தான் சட்டம். நம் பக்கத்தில் வெள்ளை லைட்டின் நடுவே கறுப்புப் பொட்டு வைக்கச் சொன்னார்கள். ஆகவே அந்த வண்டி மஞ்சள் கண்ணாடியின் மேல் கறுப்புப் பொட்டோடு, இரண்டு சர்க்காருக்கும் பணிந்து ஓடியது.

அதன் கரண்ட் 6 வோல்ட். அந்த வண்டி நின்ற வீட்டுப் பெரியவரை எல்லாரும் முசே என்றுதான் கூப்பிடுவார்கள். எஞ்சின் சூட்டில் பேட்டரி வெந்துபோகிறது, டிக்கியில் வைத்துவிடலாமா என்று ஒருநாள் மேஸ்திரியிடம் கேட்டார்.

"முடியாது முசே."

"ஏன் முடியாது? அடுத்த தெருவில் செய்து தருகிறேன் என்கிறான்."

"செய்வான். செல்ஃப் அடிக்காது. அப்புறம் என்னைத்தான் கூப்பிடுவீங்க."

அந்த 'முடியாது'க்குப் பின்னால் இருந்த கணக்கை மேஸ்திரி காகிதத்தில் போட்டதில்லை, நான் பிற்பாடு போட்டுப் பார்த்தேன். 12 வோல்ட் வண்டியில் செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள் 4 மீட்டர் ஓடினால், வழியில் சுமார் 0.55 வோல்ட் நஷ்டம். 12இல் அரை போனால் பரவாயில்லை. அதே பலத்துக்கு 6 வோல்ட் வண்டி 400 ஆம்பியர் இழுக்க வேண்டும். அதே கேபிளில் 1.1 வோல்ட் போய்விடும். ஆறில் ஒன்றுக்கு மேல் போனால், காலை நேரத்தில் கெட்டிப்பட்ட ஆயிலை எதிர்த்து எஞ்சினை எது சுற்றும்? 6 வோல்ட் வண்டியில் பேட்டரி செல்ஃபை விட்டு விலகக் கூடாது. உலகமே 1950, 60களில் 12 வோல்ட்டுக்கு மாறியதற்கு நல்ல வெளிச்சம் ஒரு காரணம் என்றால், பேட்டரிக்கு இப்படிக் கிடைத்த நடமாட்டம் இன்னொன்று. 1959இல் வந்த பிரிட்டிஷ் மினியில் எஞ்சினைக் குறுக்கே போட்டு முன்பக்கம் முழுக்க அடைத்துவிட்டு, பேட்டரியை டிக்கிக்குத் துரத்தினார்கள். 12 வோல்ட் என்பதால் முடிந்தது.

முசேயின் வண்டியைப் பிற்பாடு 12க்கு மாற்றினோம். பல்புகளை மாற்றி, காயிலுக்கு முன்னால் ரெஸிஸ்டர் வைத்து, டைனமோவையும் கட்-அவுட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. செல்ஃபை மட்டும் தொடவில்லை. 6 வோல்ட் செல்ஃப் 12இல் தொட்டதும் அடிக்கும். சுவிட்சைப் பிடித்துக்கொண்டே நிற்காமல் இருந்தால் போதும். மாற்றியதற்கு உண்மையான காரணம் வேறு: 6 வோல்ட் கார் பேட்டரி கடையில் கிடைப்பது நின்றுபோயிருந்தது.

அது நின்றதற்கு அரசியல் காரணம் உண்டு. 1941இல் பிரெஞ்சிந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் செய்துகொண்ட சுங்க ஒப்பந்தம் 1949இல் முடிந்தது. அதன் பிறகு எல்லையில் சாவடிகள் முளைத்தன, உள்ளே கப்பலில் வந்து இறங்கிய வெளிநாட்டுச் சரக்கு மலிவாகக் கிடைத்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் பிரதிநிதிகள் 170-க்கு 8 என்று இந்தியாவோடு சேர ஓட்டுப் போட்டார்கள், நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் முடிந்தது. சரித்திரப் புத்தகங்கள் கொடி மாறியதை எழுதும். எங்கள் கொட்டகையில் மாறியது ஸ்பேர் பார்ட்ஸ். மர்சேய் கப்பலில் வந்துகொண்டிருந்த சாமானுக்கு இனி இறக்குமதி லைசென்ஸ் வேண்டும். மெட்ராஸ் மவுண்ட் ரோடிலிருந்து பஸ்ஸில் ஏற்றி வருவது பிரிட்டிஷ் லூக்காஸ் சாமான். அதே 1954இல்தான் கல்கத்தாவுக்குப் பக்கத்து உத்தரப்பாராவில் மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டை வைத்து லேண்ட்மாஸ்டர் கட்ட ஆரம்பித்தார்கள், பம்பாயில் ஃபியட் 1100 வந்தது. 1961இல் மெட்ராஸை அடுத்த பாடியில் லூக்காஸ்-டிவிஎஸ் தொடங்கியதும், டைனமோவும் செல்ஃபும் ஒரு ராத்திரிப் பயணத்தில் கிடைக்கும் பொருளாகிவிட்டன.

லூக்காஸ் வண்டிகளில் ஒரு தலைகீழ் சமாசாரம் இருந்தது. 1930களின் நடுவிலிருந்து பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த். அப்படிச் செய்தால் வயர் முனைகள் குறைவாக அரிக்கும், பிளக்கும் நன்றாகப் பொறி விடும் என்று சொல்லிக்கொண்டார்கள். எங்கள் கடற்கரையில் எப்படிப் போட்டாலும் அரித்தது. பிரெஞ்சு வண்டியில் நெகட்டிவ் எர்த் பழகிய கைகளுக்கு இது பெரிய இடைஞ்சல். எர்த்தை முதலில் கழற்று, கடைசியில் மாட்டு என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். எது எர்த் என்று பார்க்காமல் நெகட்டிவில் ஸ்பேனரை வைத்து, அது பாடியில் பட்டு, பொறி பறந்து, புருவம் கருகிப்போன பையன்கள் இருந்தார்கள்.

1970களில் காரில் கேசட் பிளேயர் ஆசை வந்தபோது இந்தத் தலைகீழ் ஒரு நல்ல வருமானம் ஆனது. கள்ளக் கடத்தலிலோ, பாரீஸிலிருந்து லீவுக்கு வந்த மருமகன் பையிலோ வந்த ஜப்பான் செட்டுகள் எல்லாம் நெகட்டிவ் எர்த். பழைய லேண்ட்மாஸ்டரில் அப்படியே மாட்டினால் புகைதான் வரும். வண்டியையே திருப்பிப் போட வேண்டும். பேட்டரியைச் சுற்றி வைத்து, காயிலில் இரண்டு வயரையும் ஆம்மீட்டரில் இரண்டு வயரையும் இடம் மாற்றுவோம். கடைசியில் டைனமோவின் எஃப் வயரைக் கழற்றி, பேட்டரியின் லைவ் வயரால் அந்த எஃப் முனையை ஒரு நொடி தட்டி எடுப்போம். அந்த ஒரு பொறியில் டைனமோவின் காந்தம் திசை மாறிக்கொள்ளும். மேஸ்திரி அதைச் செய்யும்போது பக்கத்தில் யாரையும் நிற்க விடமாட்டார். ஆபத்து ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டால் கூலியைக் குறைத்துக் கேட்பார்களே என்ற பயம்.

பேட்டரியையே திறந்து வேலை பார்த்த காலத்தைச் சொல்லாமல் விட முடியாது. அப்போது டப்பா எபோனைட். கறுப்பு, கனமான, கெட்டி ரப்பர். ஆறு செல்லும் தனித்தனி, மேலே ஈயப்பட்டை ஒன்றோடு ஒன்றை இணைக்கும், விளிம்பெல்லாம் தார் ஊற்றி அடைத்திருக்கும். ஒரு செல் செத்தால் அதை மட்டும் மாற்றலாம். சூட்டுக் கத்தியால் தாரை அறுத்து, பட்டையைத் துளைத்து எடுத்து, பிளேட் கட்டை உருவி, இடையில் இருக்கும் மரச் செபரேட்டரை மாற்றி, புது பிளேட்டை ஈயத்தால் காய்ச்சி ஒட்டி மறுபடி தார் ஊற்றுவோம். எக்ஸைடு பேட்டரி செய்த கம்பெனி 1947இல் கல்கத்தாவில் வேறொரு பெயரில் பதிவானது. அவர்கள் பேட்டரியைத்தான் அதிகம் திறந்திருக்கிறேன்.

ஆசிட் கலப்பதிலும் இந்த ஊருக்குத் தனிக் கணக்கு. குளிர் நாட்டில் முழு சார்ஜில் ஹைட்ரோமீட்டர் 1.280 காட்ட வேண்டும். இந்த வெயிலுக்கு 1.240 போதும், அதற்கு மேல் போனால் பிளேட்டைத் தின்றுவிடும். பிரான்ஸிலிருந்து வந்த முசேக்கள் புத்தகத்தைக் காட்டி 1.280 கேட்டு அடம்பிடிப்பார்கள். கேட்டபடி கொடுத்தால் ஒரு கோடையில் பேட்டரி காலி. சூடு 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. மே மாதத்தில் நேரு வீதி நெரிசலில் ஊர்ந்துவிட்டு நிறுத்திய காரின் பானட்டைத் திறந்து கை வைத்துப் பாருங்கள், கம்பெனி குறித்துக் கொடுத்த இடம் எவ்வளவு மோசமான இடம் என்று தெரியும்.

ஈயத்தைப் பற்றி நான் பெருமை பேச மாட்டேன். கொட்டகையின் பின்பக்கம் இரும்புச் சட்டியில் ஈயம் உருகும், அதே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஆசிட் கலந்த தண்ணீர் வாய்க்காலில் போகும். வயிற்று வலி என்று படுத்தவர்களை ஓமத் தண்ணீர் குடிக்கச் சொன்னோம். 2001இல் பழைய பேட்டரியைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது. 2022இல் அதையும் இறுக்கியது. அந்தச் சட்டி இன்றைக்கு இல்லாததில் எனக்கு வருத்தமே கிடையாது. அந்தக் கைத்திறன் அழிந்துவிட்டதே என்று ஏங்குகிறவர்கள் அந்தப் புகையைச் சுவாசிக்காதவர்கள்.

பேட்டரியை டிக்கிக்கு மாற்றும் வேலையின் பொற்காலம் 1980கள். டீசல்தான் காரணம். பெட்ரோல் அம்பாசடரில் டீசல் எஞ்சின் இறக்கிப் போட டாக்ஸிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். பெட்ரோல் எஞ்சின் காற்றை எட்டில் ஒரு பங்காக நசுக்கினால், டீசல் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே நசுக்கும். அதைச் சுற்றிவிடப் பெரிய செல்ஃப் வேண்டும், பெரிய செல்ஃபுக்குப் பெரிய பேட்டரி வேண்டும். அது பானட்டுக்குள் இருந்த பழைய தட்டில் உட்காராது. உட்கார வைத்தாலும் டீசல் எஞ்சினின் குலுக்கலில் பிளேட் உதிரும். டிக்கிக்குப் போ என்று அனுப்பிவிட்டோம்.

செய்யும் முறை இதுதான். ஸ்பேர் வீல் பக்கத்தில் பாடியோடு போல்ட் அடித்த ஆங்கிள் தட்டு. மேலே பட்டை போட்டு இறுக்க வேண்டும், பிரேக் அடித்தால் இருபது கிலோவுக்கு மேலான அந்தச் சுமை ஓடி வரக் கூடாது. கேபிளுக்கு வெல்டிங் கேபிள்தான் சிறந்தது. மெல்லிய இழைகள், வளைந்து கொடுக்கும். டிக்கியிலிருந்து கதவுப் படியின் உள்பக்கமாக ஓட்டி, தகடு வரும் ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் குரோமெட் வைத்து முன்னால் கொண்டுபோக வேண்டும். குரோமெட் இல்லாமல் விட்டால் தகட்டின் விளிம்பு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். ஒருநாள் செம்பு இரும்பைத் தொடும், அந்த வயரில் ஃபியூஸ் கிடையாது, வண்டி எரிந்து முடிந்த பிறகுதான் நிற்கும். டிக்கியில் எர்த் கொடுத்துவிட்டு எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே தடித்த எர்த் பட்டை போட மறந்தால், 300 ஆம்பியரும் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாக வழி தேடும். அந்தக் கம்பி சிவந்து புகைவதைப் பார்த்துவிட்டு பெட்ரோலில் கோளாறு என்று தேடிய மெக்கானிக்குகள் உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியம் மூச்சு. சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் விடும். பானட்டுக்குள் காற்றோடு போய்விடும். மூடிய டிக்கியில் தேங்கும். மூடியுள்ள பெட்டிக்குள் பேட்டரியை வைத்து, டியூப் ஒன்றை வண்டிக்கு அடியில் இறக்கிவிட வேண்டும். இதற்குக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்க மனம் வராது, கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு எதற்குக் காசு என்பார்கள். தேர்தல் நேரத்தில் மைக் செட் கட்டும் அம்பாசடர்களுக்கு இரண்டாவது பேட்டரி டிக்கியில் போகும். அவர்கள் டியூப் வைக்க ஒப்புக்கொண்டதே இல்லை. ஓட்டு எண்ணும்வரை தாங்கினால் போதும் என்பது அவர்கள் கணக்கு.

டிக்கியின் வாழ்வை முடித்தது கேஸ். எல்பிஜியை வண்டிக்கு எரிபொருளாக 2000இல் சட்டம் அனுமதித்தது, அதற்கு முன்பே வீட்டுச் சிலிண்டரைத் திருட்டுத்தனமாக டிக்கியில் வைத்து ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். கேஸும் பேட்டரியின் பொறியும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. நாங்கள் பத்து வருஷம் பின்னால் கொண்டுபோன பேட்டரிகளை மறுபடி முன்னால் கொண்டுவந்தோம். இரண்டு தடவையும் கூலி வாங்கினோம்.

சில்லறை இடமாற்றங்களும் ஏராளம். மோரிஸ் வகை எஞ்சின்களில் காயிலை டைனமோ முதுகிலேயே வைத்திருப்பான். சூட்டிலும் அதிர்விலும் காயில் மயங்கி விழும். அதைக் காற்றுப் படும் ஓரத் தகட்டுக்கு மாற்றுவோம். பெட்ரோல் பம்ப் எஞ்சின் மேல் இருந்ததால் வெயிலில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். திண்டிவனம் ரோடில் பானட்டைத் தூக்கி ஈரத்துணி போட்டுக்கொண்டு நிற்கும் அம்பாசடர்களைப் பார்க்காதவர்கள் அந்தத் தலைமுறையில் இல்லை. வசதி உள்ளவர்களுக்கு டேங்க் பக்கத்தில் மின்சார பம்ப் வைத்துக் கொடுத்தோம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. டைனமோ போய் ஆல்டர்னேட்டர், கட்-அவுட் போய் அதன் வயிற்றுக்குள்ளேயே ரெகுலேட்டர். எபோனைட் டப்பா போய் வெள்ளை பிளாஸ்டிக், திறக்கவே முடியாத செல். முதலில் எங்கள் தொழில் முடிந்தது என்றார்கள். அப்படி நடக்கவில்லை, இருபது வருஷம் ஸ்டீரியோவும் ஃபாக் லைட்டும் சென்ட்ரல் லாக்கும் சோறு போட்டன. லூக்காஸ்-டிவிஎஸ்காரர்கள் புதுச்சேரியிலேயே எரிப்பாக்கத்தில் தொழிற்சாலை போட்டு எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஆனார்கள். தொழிலை உண்மையில் மாற்றியது கம்ப்யூட்டர். இப்போது நெகட்டிவ் டெர்மினலிலேயே ஒரு சென்சார் உட்கார்ந்து, எவ்வளவு கரண்ட் போகிறது வருகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டி ஒரு எர்த் எடுத்தால் கணக்குத் தப்பி, வண்டி தானாகவே வேலை நிறுத்தம் செய்யும். நான் பெருமையோடு இழுத்த தனி எர்த் கேபிள் இன்றைய காரில் கோளாறாகப் பதிவாகிறது. போதாததற்கு 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கம்பெனி கொடுத்த விவரத்தை மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொல்லிவிட்டது.

இனி எதையும் இடம் மாற்ற முடியாது என்பது ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு எனக்கு முழுதாகப் புரிந்தது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று அடித்தபோது மரம் விழுந்து நசுங்கிய வண்டிகள்தான் அதிகம். எங்களுக்கு வந்தவை உப்பு நீர்த் திவலை புகுந்த லைட்டும் ஹார்னும். ஃபெஞ்சல் தண்ணீர். 2024 நவம்பர் 30 ராத்திரி கரையைத் தொட்ட புயல் நகராமல் நின்று கொட்டியது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் கார்கள் மூழ்கின, ஆட்களை மீட்க ராணுவம் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு வந்த வண்டிகளில் பேட்டரி பெரும்பாலும் நன்றாகவே இருந்தது, அது பானட்டுக்குள் உயரத்தில் இருக்கிறதே. கெட்டுப்போனது தரையோடு கிடந்தவை: சீட்டுக்கு அடியில் ஏர்பேகின் மஞ்சள் கனெக்டர், கியர் கம்பிக்கு அடியில் நடுத்தரையில் ஏர்பேக் பெட்டி. தெரு வெள்ளத்துக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. பழைய வண்டியாக இருந்தால் இரண்டு ஸ்க்ரூவில் டாஷ்போர்டுக்கு மேலே ஏற்றியிருப்பேன். இதை ஏற்ற முடியாது. மோதலின் அதிர்ச்சியை உணர வேண்டிய கருவி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, வண்டியின் நடுமையத்தில், இறுக்கமான தகட்டில் இருந்தால்தான் சரியாக உணரும். ஒரு சாண் தள்ளி வைத்தால் உயிர் போகிற விஷயம்.

மின்சாரக் கார்களில் பெரிய பேட்டரி தரைக்கு அடியில் போய்விட்டது. ஃபோர்டு நூறு வருஷத்துக்கு முன்னால் வைத்த அதே இடம். தண்ணீர் புகாமல் அடைத்த பெட்டி என்கிறார்கள், அதை நம்புகிறேன். ஆனால் அந்தக் கார்களிலும் லைட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி தனியாக இருக்கிறது, பெரும்பாலும் பானட்டுக்குள். அது படுத்துவிட்டால் கதவுகூடத் திறக்காது. எனக்கு இன்னும் போன் வருவதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் பழைய வண்டிக்காரர்கள். பூல்வாரில் பழைய வீடுகள் எல்லாம் ஓட்டலாகி, வாசலில் ஒரு பழைய கார் நிற்பது அழகு என்றாகிவிட்டது. கல்யாணப் போட்டோ எடுக்க வாடகைக்கும் விடுகிறார்கள். போன வருஷம் ஒரு இளைஞர் லேண்ட்மாஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். டிக்கியைத் திறந்தால் ஆங்கிள் தட்டு, வெல்டிங் கேபிள், தரைக்கு இறங்கும் டியூப். எங்கள் கொட்டகை வேலை.

"கம்பெனி வச்ச இடத்துக்கே பேட்டரிய மாத்தணும் அண்ணா. ஒரிஜினலா இருக்கணும்."

"எஞ்சின் சூட்டுல ஒரு வருஷம்கூடத் தாங்காது தம்பி."

"தாங்க வேணாம் அண்ணா, பானட்டத் திறந்தா தெரியணும், அவ்வளவுதான்."

காயலான் கடையில் கிடைத்த ஒரு எபோனைட் டப்பாவைக் கழுவி, மேலே ஈயப்பட்டை வைத்து, தார் ஊற்றி, உள்ளே ஒன்றும் இல்லாமல் பானட்டுக்குள் பழைய தட்டில் உட்கார வைத்துக் கொடுத்தேன். ஓடுகிற பேட்டரி டிக்கியிலேயே இருக்கிறது. வெல்டிங் கேபிளை மட்டும் மாற்றினேன், குரோமெட்டுகள் எல்லாம் நன்றாகவே இருந்தன.